பதினெட்டு மீட்டர் நேரான ஒயர்

கோணலாகக் கிடப்பதை நேராக்கி வைக்கிறவனுக்கு இந்த உலகத்தில் மரியாதை கிடையாது. ஐம்பத்தொரு வயதில், முழுப் பொறுப்போடு இதை எழுதுகிறேன். சுவர்க் கடிகாரம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் நாற்காலி போட்டு ஏறி நிமிர்த்துவேன். வாசலில் கிடக்கும் செருப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்துவேன் (விருந்தாளிகளின் செருப்பையும் சேர்த்துத்தான். ஒருமுறை ஒருவர் தன் செருப்பைத் திருடு கொடுத்துவிட்டதாக நினைத்து வெறுங்காலோடு பேருந்து நிலையம் வரை போய்விட்டார். அது என் தப்பா?). நில அளவை அலுவலகத்தில் வரைவாளன் நான். கோடு போடுவதுதான் பிழைப்பு. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதி வருகிறேன்.

இப்படிப்பட்டவன், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, நேராக்கக் கூடாத ஒன்றை நேராக்கிவிட்டேன். பத்து வருஷம் ஆகிறது. இன்னும் என்னை விட்டபாடில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, ஒரு புதுவீட்டுப் பாலுகாய்ச்சுக்குப் போக முடியவில்லை. யாராவது ஒருவர் சோற்றுப் பந்தியில் அந்தக் கதையை எடுத்துவிடுகிறார். எல்லாரும் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள். அளவுகளைக்கூடச் சரியாகச் சொல்வதில்லை. ஆகவே டைரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2009, ஆவணி மாதம். என் தங்கை உமா பிரசவத்துக்காக வடசேரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. அவள் கணவன் ஐயப்பனுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. விடுமுறை கேட்டும் கிடைக்கவில்லை. குழந்தை பிறந்து இருபத்தெட்டாம் நாள் எங்கள் பக்கத்தில் இருபத்தெட்டுக் கெட்டு நடத்துவோம். இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி, இடது காதை வெற்றிலையால் பொத்தி, வலது காதில் தகப்பன் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் தாய்மாமன் சொல்லலாம். அதாவது நான்.

ஐயப்பன் போனில் அழாத குறையாகச் சொன்னான்.

"மச்சான், புள்ளைய இன்னும் நான் கண்ணால பாக்கல. பேராவது எனக்க வாயால சொல்லணும். நெட்டு வச்சிருங்க. வீடியோவுல நான் சொல்லுதேன்."

"கவலப்படாத மாப்பிள. நான் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

அந்த 'நான் பாத்துக்கிடுதேன்' என்ற சொல்லுக்காகத்தான் இன்றுவரை அனுபவிக்கிறேன்.

பிராட்பேண்டுக்கு விண்ணப்பித்தேன். மோடத்தோடு லைன்மேன் தாசையன் வந்தார். குலசேகரம் பக்கத்துக்காரர். 'சார்' என்பதை 'சாறே' என்று அழகாக இழுப்பார். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம்: தெருப்பக்கம் முன்னறை, பிறகு ஹால், பிறகு அடுக்களை, அதை ஒட்டிக் கடைசி அறை. டெலிபோன் பெட்டி முன்னறையில். உமாவும் குழந்தையும் கடைசி அறையில். கம்ப்யூட்டரையும் அங்கேதான் வைத்திருந்தேன்.

தாசையன் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சாறே, மோடம் இங்கினயே முன்னறையில இருக்கட்டு. இங்கேருந்து கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் இழுத்தாப் போரும். அதாக்கும் நல்லது."

"மோடம் பக்கத்துல இருந்தாத்தானே வெளக்கு எரியுதான்னு பாக்க முடியும்?"

"வெளக்கப் பாத்து என்ன செய்யதுக்கு?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "செரி, போன் வயரத்தான் பின்னால கொண்டு போவேன்னா ஜம்பர் வயரு மேடிச்சுக்கிடுங்க. சுவருக்கு வெளிய, தனியா இழுங்க. கரண்டு வயரு கெடக்க பைப்புக்குள்ள மட்டும் விட்டுராதீங்க. நாளைக்கு வந்து நானே இழுத்துத் தாறேன்."

(மேற்கே 'மேடிப்பது' என்றால் வாங்குவது.)

நாளைக்கு வருகிறேன் என்று சொன்ன லைன்மேனுக்காகக் காத்திருக்கும் ஆளா நான்? அன்று மாலையே நாடா வைத்து மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் பதினேழு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். வடசேரிக் கடையில் பதினெட்டு மீட்டர் ஜம்பர் ஒயர் கேட்டேன். கடைக்காரர் கைமுழம் போட்டு அளக்கப் பார்த்தார். என் நாடாவை எடுத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை டைரியில் குறித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சுருளைப் பிரித்தபோதுதான் அதிர்ச்சி. ஒரு சிவப்பு ஒயர், ஒரு வெள்ளை ஒயர். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி, பாம்புகள் மாதிரிப் பிணைந்து கிடந்தன. பதினெட்டு மீட்டருக்கும் அப்படியே! ஒரு தொழிற்சாலையிலிருந்து இவ்வளவு அலங்கோலமாக ஒரு பொருளை அனுப்ப எப்படி மனசு வருகிறது? கடைக்காரர் கிண்டலுக்காகப் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்றே முடிவு செய்தேன்.

அன்று மாலையும் மறுநாள் மாலையும் அந்த ஒயரைப் பிரித்தேன். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மறுமுனையை ஒரு பென்சிலில் சுற்றித் தொங்கவிட்டுச் சுழற்றினேன். சிக்கிய இடங்களில் மரச்சீப்பு போட்டு வாரினேன். என் மனைவி பகவதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன, வயருக்குத் தலை வாருதீங்களா?"

"ஒழுங்கா இல்ல. நேராக்குதேன்."

"பேன் இருக்கான்னும் பாத்துருங்க."

வேலையை முடித்து அளந்து பார்த்தால், ஒவ்வொரு ஒயரும் பதினெட்டு மீட்டர் அறுபது சென்டிமீட்டர்! சுற்றிக் கிடந்ததால் அந்த அறுபது சென்டிமீட்டர் வீணாகப் போயிருந்தது. நேராக்கினால் நீளம் கூடுகிறது என்ற உண்மையை நானே கண்டுபிடித்ததாக அன்றைய டைரியில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

அடுத்து, அதை இழுக்க வேண்டும். சுவருக்கு வெளியே ஒயர் தொங்கினால் என்னால் அந்த வீட்டில் தூங்க முடியாது. அடுக்களைக்குப் போகும் கரண்டு ஒயர்களுக்காகச் சுவருக்குள் பதித்த குழாய் முன்னறையிலிருந்து கடைசி அறை வரை போகிறது. உள்ளே இடமும் இருந்தது. கரண்டு ஒயருக்கும் மேலே உறை இருக்கிறது, டெலிபோன் ஒயருக்கும் மேலே உறை இருக்கிறது; இரண்டும் எங்கே சண்டை போடப் போகின்றன? தாசையனுக்குப் படிப்பு போதாது என்று நினைத்தேன். (இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான், டைரியில் இருக்கிறது.) பவுடர் பூசி, ஒவ்வொன்றாக இழுத்து, இரு முனையும் திருகி முடித்தேன். சுவரில் ஒரு நூல்கூடத் தெரியவில்லை. மோடத்தில் மூன்று விளக்கும் பச்சையாக எரிந்தன. 'நாளைக்கு' என்று சொல்லிப்போன தாசையன் ஒருவழியாக வந்தபோது, "எல்லாம் முடிஞ்சாச்சு," என்று வாசலிலேயே நிறுத்தி, விருந்துக்கு அழைத்து அனுப்பிவிட்டேன்.

ஆறு நாள் சோதனை செய்தேன். அலுவலகம் விட்டு வந்து தினமும் மாலை ஆறே முக்காலுக்கு. ஆறு நாளும் வெற்றி. இடையில் பகவதி ஒருநாள் சொன்னாள்:

"ஏங்க, பகல்ல நான் தேங்கா அரைக்கும்போ அந்தப் பொட்டியில ஒரு வெளக்கு அணையுது."

"எந்த வெளக்கு? முதலாவதா ரெண்டாவதா?"

"அது யாருக்குத் தெரியும்? ஒரு வெளக்கு."

"எத்தன மணிக்கு?"

"தேங்கா அரைக்க நேரத்துல."

"இப்பிடிச் சொன்னா அத வச்சு நான் என்ன முடிவு எடுக்க?"

அன்றைய டைரி: 'ப. சொல்வது: மிக்ஸிக்கும் மோடத்துக்கும் தொடர்பு. ஆதாரம் இல்லை. தள்ளுபடி.'

ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் ஊரில் பகல் பதினோரு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் தேங்காய் அரைபடும். தீயலா, அவியலா, புளிக்கறியா என்பதுதான் வித்தியாசம்; தேங்காய் மாறாது. மாலை ஆறே முக்காலுக்கு எந்த வீட்டிலும் தேங்காய் அரைப்பதில்லை. இருபத்தெட்டுக் கெட்டுக்கு முகூர்த்தம் பதினொன்று பத்து முதல் பதினொன்று நாற்பது வரை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நாற்பத்தைந்து பேர். சமையலுக்குத் தவசுப்பிள்ளை வந்திருந்தார் (எங்கள் பக்கம் விசேஷ வீட்டுச் சமையல்காரரை அப்படித்தான் சொல்வோம்). கடைசி அறையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று நான் வரைபடமே போட்டுக் கதவில் ஒட்டியிருந்தேன். ஒரு சின்ன ஸ்பீக்கரைக் குழந்தையின் காது வரை நீளும்படி ஒயர் சேர்த்து வைத்திருந்தேன். என் அத்தை பகவதியம்மாள்தான் சடங்கை நடத்துகிறவள். (என் மனைவிக்கும் அத்தைக்கும் ஒரே பெயர், எங்கள் மாவட்டத்தில் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இவளை அத்தை என்றே சொல்கிறேன்.) அத்தைக்குக் காது முழு மந்தம். ஆனால் ஒரு சடங்கையும் ஒரு விரல் பிசகாமல் நடத்துவாள்.

பத்து ஐம்பதுக்கு ஐயப்பனின் முகம் திரையில் வந்தது. புதுச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்திருந்தான். வேலையில் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கி, அறையில் இருக்கும் இன்னொருவரின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், கிளியரா இருக்கு! புள்ள எங்க?"

"குளிப்பாட்டுதாங்க. நீ மொதல்ல குத்துவெளக்கப் பாரு, தாம்பாளத்தப் பாரு."

விளக்கைக் காட்டினேன். தாம்பாளத்தைக் காட்டினேன். ஒயர் போகும் சுவரைக் காட்டி, ஒன்றுமே தெரியவில்லை பார் என்றேன். அவன் பொறுமையாகப் பார்த்தான். பதினொன்று பதினான்குக்கு உமா குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்தாள். அதே நொடியில் அடுக்களையில் தவசுப்பிள்ளை அவியலுக்குத் தேங்காய் அரைக்க ஆரம்பித்தார்.

திரையில் ஐயப்பனின் முகம் பாதி வாய் திறந்தபடி நின்றது. பிறகு அதுவும் போயிற்று. இரண்டாவது விளக்கு அணைந்திருந்தது. (இரண்டாவது. பகவதி அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம்.)

மோடம் மறுபடி பிடிக்க இரண்டு நிமிஷம் ஆகும். பிடித்தது. ஐயப்பன், "புள்ள எங்க மச்சா..." என்றான். அடுக்களையில் இரண்டாவது ஈடு தேங்காய். போயிற்று. மறுபடி வந்தது. மூன்றாவது ஈடு. நான் மேஜைக்கு அடியில் நுழைந்து முனைகளைத் திருகினேன். ஸ்பீக்கரைத் தட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நாற்பத்தைந்து பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு பெரியப்பா மோடத்துக்குத் திருநீறு பூசலாம் என்றார்.

உமாவின் கண் நிறைந்துவிட்டது. "அண்ணா, அவரு ராத்திரி முழுக்க ஒறங்கல. ஒரு வாட்டி புள்ள முகத்தக் காட்டிருண்ணா," என்றாள்.

மனைவி மெதுவாக என் காதில் சொன்னாள்: "மிக்ஸிய நிப்பாட்டச் சொல்லட்டுமா?"

"சும்மா இரி. மிக்ஸிக்கும் இதுக்கும் என்ன?"

பதினொன்று முப்பத்தொன்று. மூன்று விளக்கும் எரிந்தன. இந்த முறை நேரத்தை வீணாக்கக் கூடாது. முகம் அப்புறம், முதலில் பெயர் என்று முடிவு செய்தேன். ஸ்பீக்கரை எடுத்துக் குழந்தையின் வலது காதருகே பிடித்தேன். அத்தை இடது காதில் வெற்றிலையைப் பொத்தினாள். "எல்லாரும் சத்தம் போடாதீங்க!" என்றேன். அறை அடங்கியது.

அங்கே ஐயப்பனுக்கு இணைப்பு வந்தது தெரியாது. பக்கத்தில் நின்ற அறை நண்பனிடம் அவன் பேசிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது:

"எந்த மடையன்லே இந்த வயர இழுத்தது?"

திரையில் அவன் வாய் அசைந்ததைப் பார்த்து அத்தை ஒரு விரலை மடக்கினாள்.

நான் பதறி, "மாப்பிள, கேக்குதா?" என்று திரைக்கு முன் முகத்தை நீட்டினேன். என்னைப் பார்த்ததும் அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. உமா அவனிடம் யாரோ எக்ஸ்சேஞ்சு ஆள் இழுத்ததாகச் சொல்லி வைத்திருந்தாள். அவனுக்கு என்னைத் திட்டும் எண்ணமே கிடையாது.

"மச்சான், எந்த மடையன் இந்த வயர இழுத்தது?"

அத்தை இரண்டாவது விரலை மடக்கினாள்.

"என்னது?" என்றேன். இதை ஏன் கேட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"எந்த மடையன் வயர் இழுத்ததுன்னு கேக்கேன்!"

மூன்றாவது விரல் மடங்கியது. அத்தை திருப்தியாக வெற்றிலையை எடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து நீளமாகக் குரவையிட்டாள். அவள் குரவையிட்டால் மற்றப் பெண்கள் சும்மா இருக்க முடியாது, பழக்கம். அத்தனை பேரும் சேர்ந்து குரவையிட்டார்கள். அடுக்களையில் நான்காவது ஈடு தொடங்கியது. விளக்கு அணைந்தது.

சிரிப்புச் சத்தம் அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் குறிக்கவில்லை. டைரியில் அது ஒன்றுதான் விட்டுப்போனது. உமா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

விருந்துக்கு வந்து பந்தலில் உட்கார்ந்திருந்த தாசையனைப் பகவதிதான் கூட்டிவந்தாள். அவர் முன்னறைப் பெட்டியைத் திறந்து பார்த்தார். கடைசி அறையில் வந்து இந்த முனையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார்.

"சாறே, நான் ஜம்பர் வயரில்லா சொன்னேன்?"

"ஜம்பர் வயருதான்."

"அது பிணைஞ்சில்லா கெடக்கும். இது ஆரு பிரிச்சது?"

நாற்பத்தைந்து பேர் முன்னால், "நான்தான். கோணலா இருந்துது," என்றேன்.

தாசையன் இரண்டு ஒயரையும் விரலால் தடவிப் பார்த்தார். இருபது வருஷ சர்வீசில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை என்று பிறகு பகவதியிடம் சொன்னாராம்.

"சாறே, அது பிணைஞ்சு கெடக்கது சும்மா இல்ல. ரெண்டும் சுத்திக் கெடந்தாத்தான் வெளிய உள்ள எரச்சல ஒண்ணுக்கொண்ணு கழிச்சு விடும். பிரிச்சுப் போட்டா மிக்ஸிக்க எரச்சல முழுக்கக் குடிக்கும். அதுலயும் நீங்க அத மிக்ஸிக்க வயரு கூடயே படுக்க வச்சிருக்கீங்க!"

நான் கேட்கிறேன்: சுருளின் மேல் ஒட்டிய தாளில் 'பிரிக்காதீர்' என்று ஒரு வரி அச்சடித்தால் என்ன? பிஸ்கட் பொட்டலத்தில்கூட எங்கே கிழிக்க வேண்டும் என்று கோடு போட்டிருக்கிறான். ஒயர் செய்கிறவனுக்கு அந்தப் பொறுப்பு வேண்டாமா? கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தாசையன், ஏன் என்று காரணத்தைச் சொல்லியிருக்கலாம். பகவதி, எந்த விளக்கு என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, மடையன் பட்டம் மட்டும் எனக்கு!

தாசையன் தன் பையிலிருந்து ஒரு சுருள் ஜம்பர் ஒயரை எடுத்தார். பிணைந்தபடியே. முன்னறைப் பெட்டியில் மாட்டி, ஹால் ஜன்னல் கம்பியில் ஒரு சுற்று, காலண்டர் ஆணியில் ஒரு சுற்று, எங்கள் கல்யாணப் போட்டோவுக்கு மேலே ஒரு தொங்கல், கரண்டுக் குழாய்ப் பக்கமே போகாமல் கதவு நிலைக்கு மேலே வளைத்துக் கடைசி அறைக்குக் கொண்டுவந்தார். அளக்கவே இல்லை. கண்ணால் பார்த்துக் கடித்து அறுத்தார். பதினோரு நிமிஷம். மூன்று விளக்கும் எரிந்தன. பகவதி அடுக்களையைப் பார்த்து, "மிக்ஸியப் போடுங்க!" என்று கத்தினாள். தவசுப்பிள்ளை போட்டார். விளக்கு அசையவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையும் டைரியில் இருக்கிறது.

மணி பன்னிரண்டு ஐந்து. முகூர்த்தம் போய் இருபத்தைந்து நிமிஷம். "நேரம் போனா போகட்டு மக்கா, தகப்பன் அங்கதானே இருக்கான்," என்று அத்தை மறுபடி வெற்றிலையை எடுத்தாள். (அவளிடம் யாரோ சைகையில் விஷயத்தை விளக்கியிருந்தார்கள். விளக்கியவர் என்னைக் கைகாட்டித்தான் விளக்கியிருக்க வேண்டும்.) உமா குழந்தையைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

ஐயப்பன் பேசவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம் நாற்பது விநாடி. சத்தம் மறுபடி போய்விட்டது என்று நினைத்து நான் மேஜைக்கு அடியில் குனிந்தேன். பகவதி என் சட்டைக் காலரைப் பிடித்து நிமிர்த்தினாள். "அழுகான். தெரியல்லியா ஒங்களுக்கு?" என்றாள். பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அபிலாஷ்" என்று மூன்று முறை சொன்னான். அறையில் இருந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை. குரவைச் சத்தம் மட்டும் கேட்டது.

தாசையன் தொங்கவிட்ட ஒயர் ஏழு வருஷம் அப்படியே என் ஹாலில் தொங்கியது. அதைத் தொடக் கூடாது என்று பகவதி ஆணையிட்டிருந்தாள். கல்யாணப் போட்டோவுக்கு மேலே அது வளைந்து கிடந்ததில், மாலை போட்ட மாதிரி இருக்கிறது என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். வைஃபை வந்த பிறகுதான் கழற்ற விட்டாள். கழற்றும்போதும் பக்கத்தில் நின்று பார்த்தாள், நான் பிரிக்கிறேனா என்று.

என் பக்கத்து நியாயத்தை எழுதிவிட்டேன். இதனால் ஒன்றும் மாறப்போவதில்லை என்று தெரியும். அபிலாஷுக்கு இப்போது ஒன்பது வயது முடிந்து பத்து நடக்கிறது. ஐயப்பன் ஊருக்கே வந்துவிட்டான். விடுமுறைக்கு எல்லாரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நெட் கொஞ்சம் மெதுவானால் போதும், அந்தப் பையன் ஹாலில் டைரி எழுதிக்கொண்டிருக்கும் என்னிடம் பூனை மாதிரி வருவான். ஒரு கையால் என் இடது காதைப் பொத்துவான். வலது காதில் வாயை வைத்து, மரியாதையாக, நிறுத்தி நிறுத்தி, மூன்று முறை கேட்பான்:

"எந்த மடையன் மாமா வயர் இழுத்தது?"

மூன்றாவது முறை முடிந்ததும் அடுக்களையிலிருந்து குரவைச் சத்தம் வரும். பகவதி மிக்ஸியை நிறுத்திவிட்டுத்தான் குரவை போடுவாள், என் காதில் விழ வேண்டுமே.